சேற்று நீருக்கென்று செய்த பார்வைக் குழாய்: கடற்புல் காணும் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

கொளத்தூரில் வண்ணமீன் தொட்டிகள் செய்துவரும் ஒரு சிறிய பட்டறை, உப்பங்கழியின் அடியில் வளரும் செடிகளைப் பார்ப்பதற்கென்றே மூன்று பொருள்கள் கொண்ட தொகுப்பு ஒன்றைச் சொல்லிவைப்பவர்களுக்குச் செய்து தருகிறது. ஒரு முனையில் அக்ரிலிக் வட்டு பொருத்திய கறுப்புக் குழாய், நீரின் உப்பளவைக் காட்டும் கையடக்கமான ஒளிவிலகல்மானி, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிய சதுரச் சட்டம் ஆகியவையே அந்த மூன்றும். மொத்த விலை 3,500 ரூபாய். பிப்ரவரி தொடங்கிக் கோடை முற்றும் வரை பழவேற்காடு ஏரியின் தெற்குக் கரையோரம், முழங்காலளவு நீரில் இவற்றை வைத்துப் பார்த்துவந்தேன். குழாய் ஒன்றுக்காகவே இந்தத் தொகுப்பை வாங்கலாம் என்பது என் முடிவு. கலங்கலான, ஆழமில்லாத, சேறு படிந்த நீருக்கு ஏற்ற கருவி எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். சந்தையில் கிடைக்கும் மற்றவை பெரும்பாலும் தெளிந்த கடலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை.

கடற்புல் என்றதும் நம்மில் பலருக்குப் பாக் விரிகுடாவும் அங்கே மேயும் கடற்பசுவும்தான் நினைவுக்கு வருகின்றன. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்த பிறகு, அந்தப் புல்வெளிகளைப் பற்றிச் செய்தித்தாள்களிலும் ஓரளவு படிக்கக் கிடைக்கிறது. சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்குள், பொன்னேரியிலிருந்து பேருந்து ஏறினால் போய்ச் சேரக்கூடிய தொலைவில், சேற்றிலேயே வேரூன்றி, உப்புநீரும் நன்னீரும் மாறிமாறி ஆளும் இடத்தில் வாழும் செடிக் கூட்டங்களைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. பழவேற்காடு, ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வங்காள விரிகுடாவின் அலைகளை ஸ்ரீஹரிகோட்டா தீவு மறித்து நிற்பதால் உள்ளே நீர் அமைதியாகக் கிடக்கிறது. அமைதியான நீரில் வண்டல் படிகிறது. வண்டல் படிந்து படிந்து சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுவிட்டது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்ட, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஓதத்துக்கு ஓதம் ஏறி இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுவாய்ப் பக்கம் ஏறக்குறைய நன்னீராகவே இருக்கும் இதே ஏரி, மே, ஜூன் மாதங்களில் சில பகுதிகளில் கடலைவிட உப்பேறிப்போகிறது. இவ்வளவு பெரிய ஊசலாட்டத்தைத் தாங்கும் செடிகள் உலகெங்கும் சில குடும்பங்களில்தான் உண்டு. பாசியைப் போலத் தோன்றினாலும் இவை பாசிகள் அல்ல. வேரும் தண்டும் இலையும் கொண்டு, நீருக்குள்ளேயே பூத்துக் காய்த்து விதை விடும் முழுமையான பூக்கும் தாவரங்கள்.

இனி குழாயைப் பற்றி. மேலிருந்து பார்க்கும்போது நீரின் அடி தெரியாமல் போவதற்குக் காரணங்கள் இரண்டு. மேற்பரப்பின் சிற்றலையும் வானத்தின் பிரதிபலிப்பும் ஒன்று. நீருக்குள் மிதக்கும் வண்டல் மற்றொன்று. முதல் தடையை நீக்குவதற்கு, அடியில் கண்ணாடி பதித்த வாளியோ குழாயோ நீரில் சிறிது அமிழ்ந்தாலே போதும். புளோரிடாவில் கடற்பஞ்சு எடுத்தவர்கள் கண்ணாடி அடிவாளியைப் படகின் ஓரத்தில் வைத்துத்தான் கடலடியைத் தேடினார்கள். சுவீடனிலும் பின்லாந்திலும் பால்டிக் கடலோரத்தின் ஆழமற்ற விரிகுடாக்களில் இப்படிப்பட்ட நீர்க்குழாய் இன்றும் சாதாரணமாகப் புழங்குகிறது. நம்முடைய நீரிலோ இரண்டாவது தடைதான் பெரியது. காற்று சற்றே எழுந்தாலும் பழவேற்காட்டின் சேறு கிளம்பிவிடும். அப்போது ஒன்றரைச் சாண் தூரத்துக்கு மேல் எதுவும் புலப்படாது. அந்தக் கலங்கலை வெல்ல ஒரே வழி, பார்க்கும் வட்டைச் செடிக்கு மிக அருகில் கொண்டுபோய், நடுவில் உள்ள கலங்கிய நீரின் கனத்தைக் குறைப்பதுதான். குழாயை ஆழமாக அமிழ்த்த வேண்டும். இங்கேதான் அகலமான வாளிகள் தோற்றுப்போகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாளி ஒன்றை 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்த்தினால், அது விலக்கும் நீர் ஏறத்தாழ 28 லிட்டர். அத்தனை கிலோ விசையோடு நீர் அதை மேலே தள்ளும். சேற்றில் நின்றுகொண்டு அதைக் கையால் அழுத்திப் பிடித்து நிதானமாகப் பார்ப்பது நடக்காத காரியம். கொளத்தூர்ப் பட்டறைக்காரர்கள் எடுத்துக்கொண்டிருப்பது 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண பிவிசி குழாய். அதே ஆழத்தில் அது விலக்குவது நான்கு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி மறுகையால் குறிப்பெழுதலாம். 75 சென்டிமீட்டர் நீளம் என்பதால் முழங்காலளவு நீரில் இடுப்பை முற்றாக வளைக்காமலே பார்க்க முடிகிறது. உட்புறம் முழுவதும் மங்கல் கறுப்புச் சாயம் பூசியிருப்பது சிறு வேலையாகத் தோன்றலாம். வெள்ளைக் குழாயின் உட்சுவரில் வெயில் பட்டுத் தெறித்து வட்டின் மேல் பளபளக்கும் தொல்லை இதனால் அறவே இல்லை. முகம் பதியும் மேல்விளிம்பில் ஒட்டியுள்ள ரப்பர் பட்டையும் வெளிச்சத்தை நன்றாக மறைக்கிறது.

குறுகிய குழாய்க்கு உரிய குறையும் இதற்கு உண்டு. ஒரே பார்வையில் உள்ளங்கை அகல வட்டம்தான் தெரியும். மேலும் தட்டையான வட்டின் வழியே காற்றிலிருந்து நீருக்குள் பார்க்கும்போது பொருள்கள் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோலத் தோன்றும். அதனால் இலைகள் சற்றுப் பெரியவையாகத் தெரியும். வட்டின் மேல் ஓர் அளவுகோலை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு இலையை அளப்பது சரிவராது, ஏனென்றால் கோல் வட்டில் இருக்கிறது, இலையோ அதற்குக் கீழே இருக்கிறது. அளக்க விரும்புவோர் எவர்சில்வர் அளவுகோல் ஒன்றைச் சேற்றில் செடிக்குப் பக்கத்திலேயே செருகிவைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த உள்ளங்கை வட்டத்துக்குள் தெரிவதை விரிவாகச் சொல்லாமல் இந்தக் குழாயின் மதிப்பைச் சொல்ல முடியாது. கரையோரம் ஓதநீர் மெல்ல வற்றும் நேரத்தில் வட்டைத் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நிறுத்திக் கொஞ்சம் பொறுத்திருந்தால், கிளம்பிய வண்டல் ஒதுங்கி, முதலில் தெரிவது பெரும்பாலும் ருப்பியா என்னும் புல். தலைமுடியை ஒத்த மெல்லிய இலைகள், கிளைத்துக் கிளைத்து மேலெழும் தண்டு, ஒவ்வோர் இலையின் அடியிலும் தண்டைத் தழுவிய உறை. பூக்கும் பருவத்தில் அந்த உறைக்குள்ளிருந்து ஒரு காம்பு கிளம்பி மேற்பரப்பை நோக்கி நீளும். அதன் நுனியில் இதழ்களே இல்லாத இரண்டு சிறு பூக்கள். மகரந்தம் நீரின் மேல் மிதந்து, ஒன்றோடொன்று சிக்கி, வெண்மையான சிறு தெப்பங்களாகத் திரியும். குழாயை எடுத்துவிட்டு நீரின் மேற்பரப்பை வெறும் கண்ணால் பார்த்தாலே காற்றொதுங்கிய மூலைகளில் அந்த வெண்படலம் தெரியும். தெரியாதவர் அதைத் தூசி என்று கடந்துபோவார். நன்னீரிலிருந்து கடலைக் காட்டிலும் கூடுதல் உப்புள்ள நீர் வரை தாங்கும் இந்தச் செடியின் விதைகள், ஏரியின் ஓரங்கள் கோடையில் காய்ந்து வெடித்தபோதும் சேற்றுக்குள் உயிரோடு கிடந்து அடுத்த மழையில் முளைக்கின்றன. குளிர்காலத்தில் வந்திறங்கும் ஊசிவால் வாத்து போன்ற வாத்துகளுக்கு இதன் இலையும் விதையும் இரை. அவற்றின் வயிற்றுக்குள் போய் வெளிவரும் விதைகளும் முளைப்பதால், பறவைகள் இந்தப் புல்லை நீர்நிலைக்கு நீர்நிலை கடத்தவும் செய்கின்றன.

ருப்பியாவுக்குப் பக்கத்திலேயே அதைப்போல மெலிந்த இலைகளுடன் ஹாலோடியூல் என்னும் மற்றொரு கடற்புல் வளர்ந்திருந்தால் பழகாத கண் ஏமாறும். இதில் மேலெழுந்து கிளைக்கும் தண்டு கிடையாது. சேற்றுக்குள் படர்ந்தோடும் வேர்க்கிழங்கின் கணுக்களிலிருந்து இரண்டு மூன்று இலைகளாகக் கொத்துக்கொத்தாகக் கிளம்பும். உறுதிசெய்ய இலையின் நுனியைப் பார்க்க வேண்டும். கரையில் ஒதுங்கிய துணுக்கு ஒன்றை எடுத்து, வானத்துக்கு நேரே பிடித்து, நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு லென்சால் பார்த்தால், ஹாலோடியூலின் பைனிபோலியா இனத்தில் நுனி வட்டமாகவும் மிக நுண்ணிய பற்கள் நிறைந்ததாகவும் தெரியும். யூனினெர்விஸ் இனத்தில் மூன்று பற்கள் தனித்து நிற்கும். வேரோடு பிடுங்க வேண்டிய தேவையே இல்லை, ஓதம் ஒதுக்கிய துணுக்குகளே போதும்.

மூன்றாவதாக நான் சொல்ல விரும்புவது ஹாலோபிலா பெக்காரி. சேற்றுத் திட்டுகளின் ஓரத்தில், ஓதம் வற்றினால் வெளியே தெரியும் அளவு மேடான இடத்தில், கட்டைவிரல் நக அளவேயான இலைகளோடு தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் இதை, நின்றுகொண்டு பார்ப்பவர் பச்சை அழுக்கு என்றே நினைப்பார். குழாய் வழியே பார்த்தால் ஒவ்வொரு குட்டைத் தண்டின் தலையிலும் ஆறு முதல் பத்து வரை ஈட்டி வடிவ இலைகள் விசிறிபோல் விரிந்திருப்பது தெரிகிறது. இலைகளின் மேல் வண்டல் மாவுபோல் படிந்திருக்கும். குழாயின் அடியை லேசாக அசைத்தால் எழும் நீரோட்டத்தில் அது பறந்துபோய், கீழே இளம்பச்சை நிறம் பளிச்சென்று வரும். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைத் தொகுக்கும் உலகச் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இடம்பெற்ற கடற்புல் இது. இவ்வளவு சிறிய உயிரைக் காட்டித்தரும் கருவி என்பதாலேயே இந்தக் குழாயின் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

நண்பகலில் இன்னொன்றும் தெரியும். வெயில் நன்றாக ஏறியதும் இலைகளின் விளிம்பில் பிராணவாயுக் குமிழிகள் முத்துமுத்தாக ஒட்டி நிற்கும். இதே வாயு இலைக்குள் ஓடும் காற்றுக்குழல்கள் வழியாகக் கீழே இறங்கி வேருக்கும் போகிறது. வேர் இருக்கும் இடத்திலோ பிராணவாயு என்பதே இல்லை. மேலே நகத்தின் கனமளவு பழுப்புப் படிவம், அதற்கடியில் கரிய சேறு, அதைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்பைடு செடிகளுக்கு நஞ்சு. இலையிலிருந்து இறங்கும் வாயு வேர்நுனியில் கசிந்து அந்த நஞ்சை அங்கேயே முறிப்பதால்தான் செடி பிழைக்கிறது. நீர் கலங்கி வெளிச்சம் குறைந்தால் இலை வாடுவதற்கு முன்பே வேர் திணறத் தொடங்கும் என்பது இதனால் விளங்கும். கடற்புற்கள் வாழ, மேற்பரப்பில் விழும் ஒளியில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்காவது அடியை எட்ட வேண்டும். புல் நிறைந்த இடத்தில் இலைகளே நீரோட்டத்தைத் தணித்து வண்டலைப் படியவைத்துத் தமக்கு வேண்டிய தெளிவைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. புல் அழிந்த இடத்தில் வண்டல் மீண்டும் மீண்டும் கிளம்பிப் புதுச் செடி வரவிடாமல் தடுக்கிறது. புல்திட்டின் நடுவிலும், அதிலிருந்து சில அடி தள்ளி வெறும் சேற்றிலும் குழாயை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு உடனே கண்ணில் படும். நடுவில் இலைகளுக்கிடையே இறால் குஞ்சுகளும் சிறு நத்தைகளும் நண்டுக் குஞ்சுகளும் தெரிந்த அதே வேளையில், வெளியே வட்டில் தெரிந்தது சாம்பல் நிறக் கலங்கல் மட்டும்தான்.

தொகுப்பின் இரண்டாவது பொருளான உப்புமானி சந்தையில் எளிதாகக் கிடைப்பதுதான். பட்டறைக்காரர்கள் அதை வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் குறுகிய அளவுகோல் உள்ளதைத் தவிர்த்து, ஆயிரத்துக்கு 100 பங்கு உப்பு வரை காட்டும் வகையைத் தேர்ந்தெடுத்திருப்பது பாராட்டத்தக்கது. கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு; பழவேற்காட்டின் கோடை உப்பு அதைத் தாண்டுமென்பதால் குறுகிய கோல் பயன்படாது. முப்பட்டகக் கண்ணாடியின் மேல் இரண்டு மூன்று சொட்டு நீரை விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பார்த்தால் நீலமும் வெண்மையும் சந்திக்கும் கோடு உப்பளவைக் காட்டும். சேறு கலந்த நீரை அப்படியே விட்டால் கோடு மங்கும். சிறு புட்டியில் தெளியவைத்து மேல்நீரை எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் முதலில் காய்ச்சி வடித்த நீரைக் கொண்டு சுழியத்தைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். மழைக்குப் பிறகு கனம் குறைந்த நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் தனித்தனி அடுக்குகளாக நிற்கும் என்பதால், செடியைப் பற்றி அறிய விரும்புவோர் மேல்நீரை அள்ளி அளந்து பயனில்லை. அடிநீரை எடுக்க ஒரு சிறு பீச்சாங்குழலோ நீண்ட ரப்பர்க் குழாயோ தொகுப்பில் இருந்திருக்க வேண்டும். அது இல்லாதது ஒரு குறை.

உப்பளவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவானேன் என்று கேட்போருக்கு 1930களில் நடந்ததைச் சொல்வேன். வட அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் சோஸ்டிரா மரினா என்னும் கடற்புல்லை ஒரு நோய் தாக்கிப் பெரும்பரப்பில் அழித்தது. நோயை உண்டாக்கிய நுண்ணுயிர் உப்புக் குறைந்த நீரில் தழைக்காது என்பதால், ஆற்றுவாய்களிலும் உவர்நீர் உப்பங்கழிகளிலும் இருந்த புல் தப்பியது. பின்னாளில் புல் மீண்டும் பரவுவதற்கு அந்த ஒதுக்கிடங்கள் உதவின. ஆனால் அந்தப் புல்லின் இலையை மட்டுமே தின்று வாழ்ந்த ஒரு சிறு கடல் நத்தையினத்தால் உப்புக் குறைந்த நீரில் வாழ முடியாததால், தப்பிய புல் இருந்தும் அது அடியோடு அழிந்துபோனது. ஆயிரத்துக்குச் சில பங்கு உப்பு வேறுபாடு ஒரு செடிக்குப் புகலிடமாகவும் அதை நம்பியிருந்த உயிருக்கு முடிவாகவும் அமைந்துவிட்டது. ருப்பியா இங்கே மட்டும் வளர்வதும் அல்ல. இங்கிலாந்தின் டார்செட் கடலோரத்தில், செசில் கூழாங்கல் கரைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் பிளீட் காயலில் ருப்பியாவும் சோஸ்டிராவும் அடுத்தடுத்து வளர, அபோட்ஸ்பரியின் அன்னங்கள் அவற்றை மேய்கின்றன. அலையை மறைக்கும் ஒரு கரை, சேறு, உப்பும் நன்னீரும் கலந்த ஆழமில்லாத நீர் ஆகியவை கூடினால் குளிர்நாட்டிலும் வெப்பநாட்டிலும் ஏறத்தாழ ஒரே வகைச் செடிக் கூட்டம் வந்து குடியேறுகிறது.

சட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 50 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம், கடற்புல் கணக்கெடுப்போர் உலகெங்கும் பயன்படுத்தும் அதே அளவு. நூலால் 25 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் குழாயின் பார்வை வட்டத்துக்குப் பொருந்தும்படி 10 சென்டிமீட்டர். கட்டத்துக்குக் கட்டம் குழாயை நகர்த்திப் புல் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு 4 சதவீதம் என்று வைத்துக் கூட்டிவிடலாம். சட்டத்தின் பிவிசி குழாய்களில் துளையிட்டிருப்பதால் நீர் உள்ளே புகுந்து சட்டம் மிதக்காமல் தரையில் படிகிறது. நூல் பருத்தி என்பதால் சீக்கிரம் பாசி பிடித்து இற்றுவிடும். நைலானுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

வாங்குபவர்கள் எங்கே, எப்படி இறங்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும், பட்டறை தரும் தாளில் அது இல்லை. பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உல்லாசப் படகில் போகலாம் என்று யாராவது அழைத்தாலும் போக வேண்டாம். இந்தக் கருவிக்குப் படகே தேவையில்லை. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, நாரைகளும் வாத்துகளும் இறங்கியிருக்கும் பக்கத்தை விட்டு விலகியே நடக்க வேண்டும். மீனவர்களிடையே பாடு என்னும் முறைப்படி யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று பங்கிட்டு வைத்திருப்பதால், கட்டிய வலைக்கு அருகே இறங்குமுன் அவர்களைக் கேட்பதே முறை. சேற்றில் திருக்கை படுத்திருக்கும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி நடந்தால் அது விலகிப் போய்விடும். ஆளிச் சிப்பி ஓடுகள் பாதத்தைக் கிழிக்குமாதலால் கணுக்காலை மூடும் காலணி வேண்டும்.

இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்தபடி, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்து, பல்லால் கவ்வியிருக்கும் பனையோலைப் பறியில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவரிடம் குழாயைக் கொடுத்து, “அம்மா, கொஞ்சம் பாருங்க” என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “கையால தெரிஞ்சதுதான் தம்பி இது. புல்லு இருந்தா இறாலு நிக்கும், வெறுஞ்சேத்துல தங்காது. ஆனா இந்தப் பொடிப் புல்லு பூக்கும்னு இப்பத்தான் பாக்கறேன்” என்றார். எந்தத் திட்டில் கோடைக்குப் பிறகும் புல் மிஞ்சும், எந்தத் திட்டில் முகத்துவாரம் மணலால் அடைபட்ட ஆண்டில் புல் மடிந்தது என்பதை அவர் விரலால் சுட்டிச் சொன்ன துல்லியம் எந்தக் கருவியிலும் கிடையாது. இந்தத் தொகுப்பை வாங்கும் கல்லூரி மாணவர்கள் முதலில் இவர்களோடு ஒரு காலைப்பொழுதைக் கழிப்பது மிகவும் நல்லது.

இனிக் குறைகள். எனக்கு முதலில் வந்த குழாயில் வட்டைச் சுற்றிப் பூசிய சிலிக்கான் ஓரிடத்தில் சரியாகப் பற்றாமல் நீர் கசிந்தது. சொன்னதும் மறுபேச்சின்றி வேறு குழாய் தந்தார்கள். ஆனாலும் தொட்டி செய்பவர்கள் ஒருநாள் நீரில் ஊறவைத்துப் பார்த்தே கொடுத்திருக்க வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் நம் மூச்சின் ஈரம் வட்டின் உட்புறத்தில் ஆவியாகப் படிகிறது. பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டுத் துடைத்துவைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும்; கண்ணுக்கும் வட்டுக்கும் நடுவில் சிறு காற்றுத் துளைகள் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஆளி ஓடு பட்டு அக்ரிலிக் எளிதில் கீறுகிறது. வட்டை நிலையாக ஒட்டிவிட்டதால் மாற்றவும் முடியாது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது உடன் வரும் அறிமுகத் தாள். பவளப்பாறைக் கடல்களில் வளரும் அகன்ற இலைக் கடற்புற்களின் படங்களும், தெளிந்த நீலநீரில் நீந்தும் ஆமைகளும்தான் அதில் இருக்கின்றன. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு பழவேற்காட்டில் இறங்கும் ஒருவர், காலடியில் இருக்கும் ருப்பியாவையும் ஹாலோபிலாவையும் மிதித்துக்கொண்டே கடற்புல் இல்லை என்று திரும்பிவிடுவார். சேற்று நீருக்கென்று இவ்வளவு அக்கறையோடு கருவி செய்தவர்கள், சேற்றுச் செடிகளின் படங்களைத் தமிழ்ப் பெயர் விளக்கத்துடன் ஒரே பக்கத்தில் போட்டிருக்கலாம்.

ஜனவரி இறுதி முதல் ஏப்ரல் வரை, மழைக்கலங்கல் அடங்கிக் கோடை வற்றல் தொடங்காத இடைக்காலத்தில், காற்று எழாத காலை வேளையில் போவோருக்கே இது முழுப்பயன் தரும். மழைக்காலத்தில் வாங்கி உடனே பயன்படுத்த நினைப்பவர்கள் பொறுத்திருப்பது நல்லது. எண்ணூர்க் கழிமுகத்தில் இதை நான் வைத்துப் பார்க்கவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவிய அந்த நீரில், தகுந்த கையுறையும் காலுறையும் இன்றி யாரையும் இறங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பள்ளி, கல்லூரி இயற்கை மன்றங்கள் ஒரு தொகுப்பை வாங்கிப் பத்துப் பேர் மாற்றிமாற்றிப் பயன்படுத்தலாம். உப்புமானி ஏற்கெனவே வைத்திருப்போர் குழாயையும் சட்டத்தையும் மட்டும் 1,600 ரூபாய்க்குத் தனியே கேட்டு வாங்கலாம். கேட்டால் தருகிறார்கள், விலைப்பட்டியலில்தான் அது இல்லை. பயன்படுத்திய பின் குழாயை நன்னீரில் கழுவி, வட்டு மேல்நோக்கி இருக்கும்படி நிழலில் காயவைக்க வேண்டும். திருகிக் கழற்றி மாற்றக்கூடிய வட்டோடு அடுத்த குழாய்களைச் செய்யப்போவதாகப் பட்டறையில் சொன்னார்கள். அவசரமில்லாதவர்கள் அது வரும்வரை காத்திருந்து வாங்கலாம்.